விழக் கற்ற கலைஞர்

படம் முடிந்துவிட்டது. தீயவர்கள் பிடிபட்டுவிட்டனர், நாயகன் மூச்சிரைக்க நிற்கிறான், திரையில் பெயர்கள் ஓடத் தொடங்குகின்றன. வேறொரு படமாக இருந்தால் பார்வையாளர்கள் இந்நேரம் எழுந்து வாயிலை நோக்கி நடந்திருப்பார்கள். ஜாக்கி சானின் படத்தில் எவரும் எழுவதில்லை. பெயர்ப்பட்டியலின் ஓரத்தில் இன்னொரு படம் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரியும். சற்றுமுன் ஒரே தாவலில் கடந்த சுவரை அவர் அங்கே திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார். நாற்காலி எதிர்பாராத பக்கம் சாய்கிறது. உடன் நடிப்பவரின் கால் குறிதவறி முகத்தில் படுகிறது. சிலவற்றுக்குப் படக்குழு சிரிக்கிறது. சிலவற்றுக்கு எவரும் சிரிப்பதில்லை. நாலைந்து பேர் ஓடிவந்து அவரைத் தூக்கிச் செல்கின்றனர்.

அமெரிக்காவில் அவர் நடித்த 'த கேனன்பால் ரன்' (1981) என்னும் படத்தின் இறுதியில், நடிகர்கள் வசனத்தை மறந்து சிரிக்கும் காட்சிகள் சேர்க்கப்பட்டிருந்தன. அதைக் கண்டே இவ்வழக்கத்தை அவர் கைக்கொண்டார். அங்கே அது வெறும் வேடிக்கை. இவருடைய படங்களிலோ அது ஒரு கணக்கேடாயிற்று. திரையில் கண்ட ஒவ்வொரு வெற்றிக்கும் எத்தனை முறை விழ நேர்ந்தது என்பதை மறைக்காமல் காட்டும் கணக்கு அது.

அந்தக் கணக்கு மிக முன்னதாகவே தொடங்கிவிட்டது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் அவர் பிறந்தார். பெற்றோர் சீன உள்நாட்டுப் போரின் காரணமாக அங்கே வந்து சேர்ந்தவர்கள். தந்தை சார்லஸ் சான் பிரெஞ்சுத் தூதரக இல்லத்தில் சமையற்காரர். தாய் லீ-லீ அங்கேயே வீட்டுப் பணியாளர். மகனுக்குக் கொங்-சாங் என்று பெயரிட்டனர். 'ஹாங்காங்கில் பிறந்தவன்' என்பது அதன் பொருள். இருந்த ஊரையும் உறவையும் விட்டு ஓடிவந்தவர்கள், பிள்ளைக்குப் புகலிடத்தின் பெயரையே சூட்டியதில் வியப்பில்லை. அவர்கள் எவற்றையெல்லாம் விட்டு வந்தார்கள் என்பதை அந்தப் பிள்ளை அறிந்துகொள்ள நாற்பது ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று.

சிறுவனுக்குப் படிப்பு ஏறவில்லை. தொடக்கப் பள்ளியின் முதல் ஆண்டிலேயே தோல்வி. தந்தைக்கோ ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பராவில், அமெரிக்கத் தூதரகத்தின் சமையற்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. மகனை என்ன செய்வது? ஒருநாள் அவனை யூ ஜிம்-யுவன் என்னும் ஆசிரியர் நடத்திய சீன நாடகப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். பிள்ளைகள் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருந்தனர். வாளும் ஈட்டியும் சுழன்றுகொண்டிருந்தன. ஏழு வயதுச் சிறுவனுக்கு அது விளையாட்டுத் திடலாகத் தெரிந்தது. எத்தனை ஆண்டுகள் இங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, சொல்லப்பட்டவற்றுள் மிக நீண்ட காலத்தையே தாம் தேர்ந்தெடுத்ததாக ஜாக்கி சான் பின்னாளில் கூறியிருக்கிறார். பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதுவரை மாணவனின் உணவும் உடையும் உறைவிடமும் ஆசிரியரின் பொறுப்பு. மாணவன் மேடையேறி ஈட்டும் பணமும் ஆசிரியருக்கே உரியது. தண்டிக்கும் உரிமைக்கு எல்லை ஏதும் குறிக்கப்படவில்லை.

சீன இசைநாடகக் கலைஞன் நான்கு திறன்களில் தேர்ந்திருக்க வேண்டும் என்பது மரபு: பாட்டு, உரை, நடிப்பு, சண்டை. நான்கும் ஒரே உடலில் அமைய வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழும் பிள்ளைகள் படுக்கைக்குச் செல்ல நள்ளிரவு ஆகும். சுவரோரம் தலைகீழாக நெடுநேரம் நிற்க வேண்டும். கை தளர்ந்தால் பிரம்படி விழும். ஒருவன் செய்த பிழைக்கு எல்லோரும் அடிபட்ட நாள்களும் உண்டு. எழுத்தும் எண்ணும் பெயரளவுக்கே கற்பிக்கப்பட்டன. படிக்கவும் எழுதவும் போதிய பயிற்சி பெறாதது வாழ்நாள் முழுவதும் தமக்குக் குறையாக இருந்தது என்பதை அவர் ஒளித்ததில்லை. மாணவர்கள் ஆசிரியரின் பெயரிலிருந்து 'யுவன்' என்னும் சொல்லைத் தம் பெயராக ஏற்றனர். கொங்-சாங், யுவன் லோ ஆனார். அவருக்கு மூத்தவரான சாமோ ஹங், இளையவரான யுவன் பியாவ் ஆகியோர் அங்கே கிடைத்த அண்ணனும் தம்பியும்.

அப்பள்ளியின் வாழ்க்கை 'பெயின்டட் ஃபேசஸ்' (1988) என்னும் திரைப்படமாயிற்று. அதில் அடித்து வளர்த்த அந்த ஆசிரியராக நடித்தவர் அடிபட்டு வளர்ந்த சாமோ ஹங். முதுமையில் ஆசிரியரிடம் அம்மாணவர்கள் காட்டிய மதிப்பு குறையவே இல்லை. அதைப் படிக்கும்போது நெகிழ்ச்சி வருவது இயல்பு. ஆனால் அந்த நெகிழ்ச்சி பிரம்புக்கு நற்சான்று ஆகிவிடாது. அதே பிரம்படியை வாங்கிக்கொண்டு, எந்தத் திரையிலும் தோன்றாமல் போன பிள்ளைகளும் அந்தக் கூடத்தில் இருந்தார்கள்.

பத்தாண்டு முடிந்து 1971இல் அவர் வெளியே வந்தபோது, கற்ற கலைக்கு மேடை இல்லை. திரைப்படமும் தொலைக்காட்சியும் நாடக அரங்குகளின் கூட்டத்தை ஈர்த்துக்கொண்டுவிட்டன. குட்டிக்கரணமும் வாள்வீச்சும் அறிந்த பதினேழு வயது இளைஞருக்கு ஒரே ஒரு வாயில் திறந்திருந்தது. படப்பிடிப்புத் தளங்களில் நாயகனிடம் அடிவாங்கி விழும் வேலை அது. தமிழ்த் திரையுலகில் 'டூப்' என்று சொல்கிறோமே, அந்த வேலையும் அதில் அடக்கம்.

விழுவதற்கும் பயிற்சி வேண்டும். தாடையை மார்போடு ஒட்டவைத்துத் தலையைக் காக்க வேண்டும். விழுகிறவன் இயல்பாகக் கையை நீட்டித் தரையைத் தாங்கப் பார்ப்பான். அப்படித் தாங்கினால் மணிக்கட்டு முறியும். உடலைச் சுருட்டி உருண்டு, விழுந்த விசையை முதுகும் தோளும் பங்கிட்டுக்கொள்ளச் செய்ய வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தபின், செய்தவரின் முகம் கேமராவில் தெரியக் கூடாது. தெரிந்தால் மீண்டும் விழ வேண்டும்.

புரூஸ் லீயின் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1972) படத்தின் இறுதிச் சண்டையில், எதிர்நாயகன் உதைபட்டு அறைக்கு வெளியே பறந்து சென்று விழுவான். அங்கே பறந்த உடல் ஜாக்கி சானுடையது. 'என்டர் த டிராகன்' (1973) படத்தில் புரூஸ் லீ ஒரு காவலனின் முடியைப் பற்றிக் கழுத்தை முறிப்பார். சில நொடிகளே தோன்றும் அந்தக் காவலனும் இவர்தான். அப்படப்பிடிப்பில் புரூஸ் லீயின் தடி தவறி இவர் தலையில் பட்டது. காட்சி முடிந்ததும் அந்தப் பெரும் நடிகர் ஓடிவந்து வருத்தம் தெரிவித்தார். அவர் சற்றுநேரம் தம் அருகிலேயே இருக்கட்டும் என்பதற்காக, வலி தணிந்த பிறகும் வலிப்பதுபோலவே காட்டிக்கொண்டதை ஜாக்கி சான் பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

1973 ஜூலை 20 அன்று புரூஸ் லீ மறைந்தார். வயது 32. ஹாங்காங் திரையுலகம் அடுத்த புரூஸ் லீயைத் தேடத் தொடங்கியது. அந்தத் தேடலில் ஜாக்கி சானுக்கு உடனே இடம் கிடைக்கவில்லை. வேலை குறைந்தபோது அவர் பெற்றோரிடம், கான்பராவுக்குச் சென்றார். கட்டட வேலை செய்தார். அவருடைய சீனப் பெயர் உடன் வேலை செய்தவர்களின் வாயில் நுழையவில்லை. அழைத்துச் சென்றவரின் பெயர் ஜாக். ஆகவே இவர் 'சின்ன ஜாக்' ஆனார். அதுவே ஜாக்கி ஆயிற்று. உலகம் அறிந்த பெயர் ஒரு கட்டடத் தளத்தில் பிறந்தது.

அங்கேதான் வில்லி சான் என்பவரின் தந்தி வந்தது. புரூஸ் லீயை இயக்கிய லோ வெய் ஒரு புதிய நாயகனைத் தேடுகிறார் என்பது செய்தி. திரும்பி வந்தவருக்கு இன்னொரு பெயர் சூட்டப்பட்டது: சிங் லுங். 'டிராகன் ஆகிறவன்' என்று பொருள். புரூஸ் லீயின் சீனத் திரைப்பெயர் 'சின்ன டிராகன்' என்பதை நினைவில் கொண்டால், இப்பெயரின் நோக்கம் விளங்கும். 'நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி' (1976) தொடங்கி வரிசையாகப் படங்கள் வந்தன. சினம் கொண்ட கண், இறுகிய தாடை, பழிவாங்கும் வஞ்சினம் என எல்லாம் புரூஸ் லீயின் வார்ப்பு. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. இறந்த ஒருவரின் சட்டையை அணிந்துகொண்டு நடப்பதுபோல் இருந்தது அந்தக் காலம்.

தோல்வியே ஒருவகையில் அவருக்கு வழிவிட்டது. இலாபம் தராத நடிகரை லோ வெய் வேறொரு நிறுவனத்திற்கு இரண்டு படங்களுக்காகக் கடனாகக் கொடுத்தார். அப்படங்களை இயக்கியவர் யுவன் வூ-பிங். (நாடகப் பள்ளிப் பெயரோடு ஒலி ஒத்திருப்பினும் இவர் வேறு குடும்பத்தவர்.) 1978இல் வெளிவந்த 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' ஆகிய அவ்விரு படங்களும் அவர் வாழ்வைத் திருப்பிப்போட்டன.

இரண்டாம் படத்தில் அவர் ஏற்ற வேடம் வோங் ஃபெய்-ஹுங். தென்சீனத்தில் வாழ்ந்த உண்மையான மருத்துவர், தற்காப்புக் கலை ஆசான், மக்கள் போற்றும் பெரியவர். 1949 முதல் குவான் தக்-ஹிங் என்னும் நடிகர் பல பத்துப் படங்களில் அவரைச் சான்றோராகவே நடித்துக் காட்டியிருந்தார். ஜாக்கி சான் நடித்ததோ அப்பெரியவரின் விடலைப் பருவத்தை. இந்த வோங் பயிற்சிக்கு ஏய்க்கிறான், உண்டுவிட்டுக் காசு கொடுக்காமல் ஓடப் பார்க்கிறான், அடிபட்டால் அலறுகிறான். அவனைத் திருத்த வரும் கிழ ஆசானாக நடித்தவர் இயக்குநரின் தந்தை யுவன் சியு-டியன். ஆசான் கொடுக்கும் கடும் பயிற்சிகளில் அவன் நடுங்கி, முகம் கோணி, கெஞ்சுவதைக் கண்டு அரங்குகள் சிரித்தன. யூ ஜிம்-யுவனின் கூடத்தில் பத்தாண்டு நின்றவருக்கு அதை நடிக்க வேறு எந்த ஆய்வும் தேவைப்பட்டிராது.

புரூஸ் லீ உயரே உதைத்தால் தாம் தாழ உதைத்ததாகவும், அவர் வெல்ல முடியாத வீரராக நின்ற இடத்தில் தாம் அடி பொறுக்காத எளியவனாக நின்றதாகவும் அவரே விளக்கியிருக்கிறார். சுவரைக் குத்திவிட்டுக் கையை உதறிக்கொள்ளும் வீரனை அதுவரை சீனச் சண்டைப்படம் பெரிதாகக் கண்டதில்லை. வலியை ஒப்புக்கொண்ட அந்த நொடியில்தான் இரவல் சட்டை கழன்றது.

அதன்பின் தாமே இயக்கவும் தொடங்கினார்; 'கோல்டன் ஹார்வெஸ்ட்' நிறுவனத்திலும் சேர்ந்தார். அமெரிக்கா முதன்முறை அவரைச் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை. 'த கேனன்பால் ரன்' படத்தில் அவருக்குக் கிடைத்ததே ஜப்பானியராக ஒரு சிறு வேடம். ஆயினும் அமெரிக்காவின் பழைய மௌனப் படங்கள் அவருக்கு ஆசானாயின. 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்தில் ஹெரால்ட் லாயிட் உயரமான கட்டடத்தின் கடிகாரத்தில் தொங்குவார். அதை மனத்தில் வைத்து, 'புராஜெக்ட் ஏ' (1983) படத்தில் ஜாக்கி சான் ஒரு கடிகாரக் கோபுரத்தின் முள்ளைப் பற்றித் தொங்கினார். லாயிட் விழவில்லை, இவர் விழுந்தார். கீழே இரண்டு துணிப்பந்தல்கள். அவற்றைக் கிழித்துக்கொண்டு தரையில் வந்து விழ வேண்டும். அச்சத்தால் அக்காட்சியை நாள்கணக்கில் தள்ளிப்போட்டார். இறுதியில், கை சோர்ந்து தானாக விடும்வரை தொங்கி, விழுந்தார். படத்தில் அவ்விழுதல் இருமுறை காட்டப்படுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாயகனுக்குப் பதிலாக வேறொருவர் விழும்போது, இயக்குநர் கேமராவை அருகில் கொண்டுசென்று காட்சியைத் துண்டு துண்டாக வெட்டுவார். முகம் மாறியது தெரியாதிருக்க அதுவே வழி. விழுபவர் நாயகனே என்றால் கேமரா அஞ்ச வேண்டியதில்லை. அது பின்னுக்கு நகர்ந்து, கோபுரம், மனிதன், தரை ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்தில் காட்டலாம். இசைநாடக மேடையின் தாளமும் அவர் சண்டைகளில் உண்டு. அடிகள் மளமளவென்று விழும், ஒரு கணம் எல்லாம் உறையும், மீண்டும் வெடிக்கும்.

'போலீஸ் ஸ்டோரி' (1985) அந்த முறையின் உச்சம். பல மாடி வணிக வளாகம். நடுவே மேலிருந்து கீழ்வரை மின்விளக்குகள் சுற்றிய கம்பம். அதைத் தாவிப் பற்றி, விளக்குகள் வெடித்துச் சிதற வழுக்கி இறங்கி, கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு தரையில் விழ வேண்டும். ஒரே ஒருமுறைதான் எடுக்க முடியும். கைத்தோல் வெந்தது; முதுகெலும்பிலும் இடுப்பிலும் காயம். அந்தப் படத்தில் உடைபட்ட கண்ணாடிகளின் மிகுதியால் படக்குழுவினர் அதைக் 'கிளாஸ் ஸ்டோரி' என்றே கேலியாக அழைத்தனர். ஹாங்காங் திரைப்பட விருதுகளில் அதுவே அவ்வாண்டின் சிறந்த படமாயிற்று.

அடுத்த விபத்து உயிரைத் தொட்டது. யூகோஸ்லாவியாவில் 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பு. மதிலிலிருந்து மரக்கிளைக்குத் தாவும் காட்சி. அவர் செய்தவற்றோடு ஒப்பிட்டால் மிக எளியது. முதன்முறை நன்றாகவே அமைந்தது. அவருக்கு மனநிறைவு இல்லை, மீண்டும் தாவினார். இம்முறை கிளை முறிந்தது. கீழே பாறையில் தலை மோதி மண்டையோடு உடைந்தது. மூளையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மண்டையோட்டின் துளையை ஓர் அடைப்பு மூடியிருக்கிறது. ஒரு காதின் கேள்திறன் குறைந்துவிட்டது. குணமடைந்து வந்து படத்தை முடித்தார். அந்த வீழ்ச்சியும் படத்தின் இறுதியில், பெயர்ப்பட்டியலோடு, இருக்கிறது. அது சரியா என்று கேட்கத் தோன்றுகிறது. 'இன்னொருமுறை' என்று அன்று சொல்லாதிருந்தால் படத்திற்கு ஒரு குறையும் நேர்ந்திராது. கலைமேல் கொண்ட பற்றும் தன் உடல்மேல் காட்டும் கொடுமையும் எங்கே பிரிகின்றன என்பது அவருக்கும் தெளிவாக இருந்ததாகத் தோன்றவில்லை. பிள்ளைப் பருவத்தில் கை தளரும்போதெல்லாம் அடித்த பிரம்பு, பின்னர் அவர் கைக்கே வந்துவிட்டதோ என்னவோ.

அவர் மட்டும் விழவில்லை. 'ஜாக்கி சான் சண்டைக் குழு' என்று ஒன்றை அமைத்திருந்தார். காப்பீட்டு நிறுவனங்கள் அக்குழுவினரைப் பதிவுசெய்ய முன்வராததால், அடிபட்டவர்களின் மருத்துவச் செலவை அவரே ஏற்றார். 'போலீஸ் ஸ்டோரி'யில் ஈரடுக்குப் பேருந்து திடீரென நிற்க, மேல்தளச் சன்னல்களை உடைத்துக்கொண்டு சிலர் சாலையில் விழுவார்கள். அவர்கள் விழ வேண்டிய இடம் சாலையன்று. முன்னால் நின்ற மகிழுந்தின் மேற்கூரை. பேருந்து சற்று முன்னதாகவே நின்றுவிட்டது. அவர்கள் பெயரைப் பார்வையாளர் எவரும் கேட்டதில்லை.

1995இல் வெளிவந்த 'ரம்பிள் இன் த பிராங்ஸ்' அமெரிக்காவின் கதவைத் திறந்தது. கணுக்கால் முறிந்து கட்டுப்போட்ட நிலையில், கட்டின்மேல் காலணிபோல் வண்ணம் தீட்டிய உறையை மாட்டிக்கொண்டு அப்படத்தை முடித்தார். 'ரஷ் ஹவர்' (1998) அவரை உலக நடிகராக்கியது. அதன் பிறகு வந்த படங்கள் பல. அவற்றுள் நினைவில் நிற்பவை சில. அவருடைய அரசியல் பேச்சுகள், குறிப்பாகத் தனிமனித விடுதலை குறித்து 2009இல் சொன்னவை, அவர் பிறந்த ஹாங்காங்கிலேயே கடும் எதிர்ப்பைப் பெற்றன.

புகழின் உச்சியில் இருந்தபோதுதான் ஒரு செய்தி அவரை வந்தடைந்தது. தாய் நோயுற்றிருந்த காலத்தில், தந்தை தம் பழைய வாழ்க்கையை மகனுக்குச் சொன்னார். அவர்களுடைய குடும்பப் பெயர் சான் அன்று, ஃபாங். தந்தை ஒருகாலத்தில் தேசியவாத அரசின் உளவுப் பணியில் இருந்தவர். உயிர் தப்பி வந்தபோது பெயரை மாற்றிக்கொண்டார். அவருக்கு முந்தைய மணத்தில் பிறந்த இரு மகன்கள் சீனத்தில் இருந்தனர். தாய்க்கும் அவ்வாறே இரு மகள்கள் இருந்தனர். ஒரே பிள்ளையாக வளர்ந்தவருக்கு நான்கு உடன்பிறப்புகள்! மேபல் செங் இயக்கிய 'டிரேசஸ் ஆஃப் எ டிராகன்' (2003) என்னும் ஆவணப்படம் இந்த வரலாற்றைப் பதிவு செய்திருக்கிறது. அதில் சண்டை இல்லை. முதியவர் பேசுகிறார், மகன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தாய் 2002இல் மறைந்தார், தந்தை 2008இல். 2016 நவம்பரில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் ஜாக்கி சானுக்கு வாழ்நாள் பணிக்கான ஆஸ்கர் விருதை வழங்கியது. சண்டைக்காட்சி அமைப்புக்கென்று அன்று ஆஸ்கரில் ஒரு பிரிவுகூட இல்லை; 2027ஆம் ஆண்டின் படங்களிலிருந்து அது தொடங்கும் என்று 2025இல்தான் அறிவித்தார்கள். விருதைப் பெற்றுக்கொண்ட மேடையில் அவர் தந்தையை நினைவுகூர்ந்தார். தொலைக்காட்சியில் அவ்விழாவை இருவரும் சேர்ந்து பார்க்கும்போதெல்லாம், இத்தனை விருதுகள் வாங்கிய நீ இதை எப்போது வாங்குவாய் என்று தந்தை கேட்பாராம். தாம் எடுப்பவை சிரிப்புச் சண்டைப் படங்கள்தானே அப்பா என்று மகன் சொல்வாராம்.